நாய்க்குட்டிக்கு உலர் உணவா, ஈர உணவா?

புதிதாகக் குட்டி வாங்கிய வீட்டார் கடைக்குப் போனதும் திகைத்து நிற்பது இரண்டு அடுக்குகளுக்கு முன்னால்தான். ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக டிரை ஃபுட். இன்னொரு பக்கம் டின்னும் பவுச்சும்: கிரேவியில் மிதக்கும் கறித்துண்டு, கூழாக அரைத்த ஈரல். விலை ஒரு பக்கம் இழுக்க, வாசனை மறுபக்கம் இழுக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வாரம் தாண்டிய, நோய்நொடி இல்லாத குட்டிக்கு நம் ஊர் வீடுகளில் உலர் உணவே அடிப்படையாக இருக்கட்டும். முதல் சில வாரங்கள் அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். ஈர உணவைத் தேவைப்படும்போது துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் குட்டிக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. பாக்கெட்டில் இருப்பது வளரும் குட்டிக்கான முழு உணவுதானா, அதை எவ்வளவு போடுகிறோம் என்ற இரண்டில் தவறினால்தான் எலும்பும் உடம்பும் அடிவாங்கும். அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

உலர் உணவுக்கும் ஈர உணவுக்கும் உள்ள முதல் வித்தியாசம் தண்ணீர். உலர் உணவில் நூற்றுக்குப் பத்து பங்குக்குள்தான் ஈரம் இருக்கும். டின், பவுச் வகையில் 75 முதல் 82 பங்கு வரை தண்ணீர். தயாரிக்கும் முறையும் அதற்கேற்ப மாறுகிறது. இறைச்சித் தூள், தானிய மாவு, கொழுப்பு, வைட்டமின், தாது எல்லாம் கலந்த மாவை நீராவியில் சூடாக்கி, அழுத்தத்தோடு அச்சு வழியே வெளியே தள்ளும்போது அது பொரிந்து உப்புகிறது. அதைத் துண்டாக்கி, உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 1957-இல் இந்த முறையில் செய்த நாயுணவைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகமெங்கும் விற்கும் உலர் உணவில் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது. இந்த உருண்டை உடையாமல் நிற்க மாவுச்சத்து வேண்டும். ஈர உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலவையை டின்னிலோ பவுச்சிலோ அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அப்படியே உயர் வெப்பத்தில் கிருமி நீக்கம் செய்கிறார்கள். பிரிக்காதவரை வெளியிலேயே நீண்ட நாள் கெடாமல் இருப்பது அதனால்தான். பிரித்த மறுநிமிடம் அது சமைத்த கறியைப் போலத்தான்.

இந்தத் தண்ணீர் கணக்கு தெரியாமல் லேபிளைப் படித்தால் ஏமாந்துபோவோம். உலர் உணவுப் பையில் புரதம் 28 சதவீதம் என்று இருக்கும். பவுச்சில் 8 சதவீதம் என்று இருக்கும். பார்த்தவுடன் பவுச்சில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நீர்மோரையும் கெட்டித்தயிரையும் தம்ளர் அளவில் ஒப்பிடுவது போன்ற தவறு அது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். உலர் உணவில் ஈரம் 10 என்றால் மீதி 90. 28-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 31 சதவீதம். பவுச்சில் ஈரம் 80 என்றால் மீதி 20. 8-ஐ 20-ஆல் வகுத்தால் 40 சதவீதம். இந்த உதாரணத்தில் பவுச்சில்தான் புரதம் கூடுதல். ஃபோனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். கடையில் நின்றபடியே போட்டுவிடலாம்.

அமெரிக்காவில் விலங்குத் தீவன அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகோலில், தண்ணீரைக் கழித்தபின் வளரும் குட்டியின் உணவில் புரதம் குறைந்தது 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். நல்ல உலர் உணவும் நல்ல ஈர உணவும் இதை எளிதாகத் தாண்டிவிடும்.

லேபிளில் நான் தேடச் சொல்வது வேறு ஒன்று. 'கம்ப்ளீட்' என்ற சொல்லும், 'பப்பி', 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்ற குறிப்பும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இருந்தால், வேறு எதுவும் சேர்க்காமல் அதை மட்டுமே போட்டுக் குட்டியை வளர்க்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்று அர்த்தம். 'காம்ப்ளிமெண்டரி', 'டாப்பர்', 'ட்ரீட்' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். ஈர உணவு அடுக்கில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். முழு உணவும் தொட்டுக்கொள்ளும் உணவும் ஒரே மாதிரிப் பவுச்சில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். முன்பக்கம் அழகான குட்டியின் படம் இருக்கும். உண்மை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 'அடல்ட்' என்று போட்டது குட்டிக்கு வேண்டாம். வளர்ச்சிக்கு வேண்டிய சத்து அதில் குறையலாம்.

இதே காரணத்தால்தான் சாக்கைத் திறந்து வைத்து லூஸில் நிறுத்துக் கொடுக்கும் உணவை வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகும். ஆனால் அது எந்த வயதுக்கானது, எப்போது காலாவதியாகிறது, சாக்கு திறந்து எத்தனை நாளாயிற்று எதுவும் தெரியாது. காற்றுப்பட்ட கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சையும் வரும்.

இனி அளவு. இங்கேதான் இரண்டு வகைக்கும் உள்ள செலவு வித்தியாசமும் தெளிவாகும். இரண்டு மாத லாப்ரடார் குட்டி ஒன்று 5 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் வரையுள்ள குட்டிக்குக் கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்குப்படி அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கிலோகலோரி வேண்டும். உலர் உணவு 100 கிராமில் பொதுவாக 350 முதல் 400 கிலோகலோரி இருக்கும். 370 என்று எடுத்துக்கொண்டால் நாளைக்கு 190 கிராம் போதும். ஈர உணவு 100 கிராமில் 85 கிலோகலோரி என்றால் 820 கிராமுக்கு மேல் வேண்டும். 80 கிராம் பவுச் என்றால் பத்துப் பவுச். குட்டி வளர வளர இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். உங்கள் ஊர்க் கடை விலையில் பெருக்கிப் பார்த்தால், பெரிய இனக் குட்டியைப் பவுச்சிலேயே வளர்ப்பது எத்தனை குடும்பங்களால் முடியும் என்று புரியும். பொமரேனியன் மாதிரிச் சின்னக் குட்டிக்கு அது பெரிய பாரமாகத் தெரியாது.

இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே தேவை வேறுபடும். பையின் பின்னால் உள்ள அட்டவணையைப் பார்க்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: சில அட்டவணைகள் குட்டியின் இன்றைய எடையைக் கேட்கும், சில வளர்ந்தபின் வரப்போகும் எடையைக் கேட்கும். மாற்றிப் படித்தால் அளவு எங்கோ போய்விடும். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்தே போடுங்கள். கைப்பிடி ஆளுக்கு ஆள் மாறும். அம்மா ஒரு கைப்பிடி, பிள்ளை ஒரு கைப்பிடி, தாத்தா பாசத்தில் இரண்டு கைப்பிடி என்று போய்விடும்.

கொழுகொழுவென்ற குட்டிதான் ஆரோக்கியம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை எட்டு வார வயதிலிருந்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போட்டதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குப் போட்டார்கள். உணவு ஒன்றேதான், அளவு மட்டும் வேறு. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்வும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. உங்கள் குட்டியின் விலாவில் விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலேயே எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்டத்துக்கான நம் நாட்டு இனங்களில் விலா எலும்பு கண்ணுக்கே கொஞ்சம் தெரியும். அது அவற்றின் உடல்வாகு. அந்தக் குட்டிகளை லாப்ரடார் மாதிரி உருட்டிவிட நினைத்து அள்ளிப் போடாதீர்கள்.

ஈர உணவு உண்மையிலேயே கைகொடுக்கும் நேரங்களும் உண்டு. மூன்று, நான்கு வாரத்தில் குட்டி தாய்ப்பாலோடு கூழ் நக்கத் தொடங்கும். பால்பற்கள் அப்போதுதான் முளைக்கின்றன. அந்த வயதுக்கு மென்மையான ஈர உணவு மிகவும் பொருத்தம். வீடு மாறி வந்த முதல் நாட்களில் தாயையும் கூடப்பிறந்தவற்றையும் தேடி அழும் குட்டி, வாசனை தூக்கலான உணவைக் கொஞ்சமாவது தொடும். பவுச்சை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினால் வாசனை இன்னும் எழும். நான்கிலிருந்து ஆறு, ஏழு மாதம் வரை பால்பல் 28-உம் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும். ஈறு வலிக்கும் அந்த நாட்களில் கடினமான உருண்டையைச் சில குட்டிகள் ஒதுக்கும். பொம்மை இனக் குட்டிகள், அதாவது சிவாவா, சின்னப் பொமரேனியன் போன்றவை, ஒரு வேளை தின்னாமல் விட்டாலே இரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடலாம். அவற்றுக்கு எப்படியாவது ஏதாவது உள்ளே போவதுதான் முக்கியம். உடம்பு சரியில்லாமல் இருந்து தேறும் குட்டிக்கும் அப்படியே. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குட்டிக்கு உணவோடு தண்ணீரும் சேர்ந்து போகிறது.

இவற்றில் பாதிக்கு ஊறவைத்த உலர் உணவே போதும். அளந்த உருண்டைகள் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் உப்பி மென்மையாகிவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பாலும் வேண்டாம். பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பால்குடி மறந்த குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும், வயிறு கழியும். பத்து, பன்னிரண்டு வார வயதுக்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அப்படியே கடித்துத் தின்னப் பழக்கிவிடலாம். கடித்துத் தின்றால் பல் சுத்தமாகும் என்று உலர் உணவுக்கு ஒரு பெருமை சொல்வார்கள். சாதாரண உருண்டை பல் பட்டதும் நொறுங்கிவிடும், பல்லைத் துடைக்காது. பல்லுக்கென்றே தனியாக வடிவமைத்த உணவுகள் வேறு. பல் சுத்தத்துக்கு நாய்க்கான பேஸ்ட்டும் பிரஷ்ஷும் குட்டி வயதிலேயே பழக்குவதுதான் வழி.

நம் ஊர் வெயில் உலர் உணவின் பக்கம்தான் சாய்கிறது. திறந்த பவுச்சையும் ஊறவைத்த உணவையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். சித்திரை வைகாசியில் அரை மணியோடு எடுத்துவிடுவது நல்லது. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். உலர் உணவை அது வந்த பையோடு அப்படியே காற்றுப்புகாத டப்பாவில் இறக்கி வைத்தால் காலாவதித் தேதியும் கையில் இருக்கும், கொழுப்பும் டப்பாவில் ஒட்டிக் கெடாது. திறந்த பையை ஒன்றரை மாதத்துக்குள் முடிக்கும் அளவில் வாங்குங்கள். எறும்புத் தொல்லைக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைக்கும் நம் வீட்டுப் பழக்கமே போதும். உலர் உணவு தின்னும் குட்டிக்கு எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். 190 கிராம் உலர் உணவில் இருபது மில்லி தண்ணீர்கூட இருக்காது. மேலே சொன்ன பத்துப் பவுச்சில் அரை லிட்டருக்கு மேல் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் குட்டி கிண்ணத்திலிருந்துதான் குடிக்க வேண்டும்.

இனி கால்சியம். இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன் என்றாலும் தகும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன் குட்டி வாங்கும் வீட்டில் உணவுப் பையோடு ஒரு கால்சியம் சிரப்பும் வந்துவிடுகிறது. 'பெருசா வளர்ற ஜாதி, எலும்புக்கு இதையும் ஊத்துங்க' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முழு உணவு தின்னும் பெரிய இனக் குட்டிக்கு இது கெடுதல். வளர்ந்த நாயின் குடல், கால்சியம் மிகுந்தால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. கொடுத்ததில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை அதனால் தடுமாறுகிறது. கால் வளைகிறது, மூட்டு வலிக்கிறது. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆஃப்கோ அளவுகோல் கால்சியத்துக்குக் கீழெல்லை 1.2 சதவீதம் என்று வைத்ததோடு, பெரிய இனக் குட்டிக்கு மேலெல்லை 1.8 என்றும் வைத்திருப்பது இதனால்தான். உலர்வோ ஈரமோ, பெரிய இனக் குட்டிக்கு 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று போட்டதையே வாங்குங்கள். மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தாலொழிய சிரப்பைத் திறக்காதீர்கள்.

இதன் மறுகோடியில் தயிர்சாதம் இருக்கிறது. பாக்கெட் உணவே வேண்டாம், வீட்டில் தின்பதையே போடுவோம் என்பவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் வெந்த சோற்றில் தண்ணீரைக் கழித்தால் புரதம் ஒன்பது சதவீதத்தைத் தாண்டாது. குட்டிக்கு வேண்டியதோ 22.5. தயிர் அதைக் கொஞ்சம் ஏற்றும், எட்டவைக்காது. சரி, எலும்பில்லாத கோழிக்கறி சேர்த்தால்? புரதம் சரியாகிவிடும், கால்சியம் ஆகாது. சதைக்கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டியின் உடம்பு, இரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். மாடிப்படியில் குதித்ததற்கே கால் முறியும் குட்டிகள் இப்படி உருவாகின்றன. இங்கே கால்சியம் தேவைதான். எவ்வளவு என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுச் சமையலில் வளர்க்க விரும்பினால் அவரிடம் முழுப் பட்டியல் எழுதி வாங்குங்கள். வெங்காயம், பூண்டு விழுந்த குழம்பும், திராட்சை போட்ட பாயசமும், சாக்லேட்டும் ஒரு துளிகூட வேண்டாம்.

இரண்டையும் கலந்து கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றுதான் நிபந்தனை: பவுச் சேர்த்தால் உருண்டையைக் குறைக்க வேண்டும். 80 கிராம் பவுச் ஒன்றுக்கு உலர் உணவில் இருபது கிராம் கழித்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். உருண்டையை முகர்ந்துவிட்டுப் போகும் குட்டிக்கு ஒவ்வொரு முறையும் உடனே பவுச்சைப் பிரித்தால், காத்திருந்தால் கறி வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். வைத்த உணவை இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வையுங்கள். பொம்மை இனங்களுக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு ஆகாது. மூன்று, நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு.

எந்த உணவிலிருந்து எதற்கு மாறினாலும் ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பிப் போங்கள். குட்டிக்கு வயிறு கழிந்தால் பலரும் உடனே பிராண்டை மாற்றுகிறார்கள். அநேகமாக அது அளவு மிஞ்சியதாலோ திடீரென்று மாற்றியதாலோ வந்திருக்கும். இன்னொரு திடீர் மாற்றம் அதை வளர்க்கவே செய்யும்.

ஆனால் குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, தண்ணீரையும் ஒதுக்கினால் எந்த உணவு என்ற யோசனையை அதோடு நிறுத்திவிடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இரத்தமும் கெட்ட நாற்றமும் கலந்த பேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை பார்ப்போம் என்று விட்டால் நீரிழப்பிலேயே குட்டி போய்விடும். அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோ குட்டி பிழைப்பது பெரும்பாலும் சீக்கிரம் ஏற்றும் டிரிப்ஸால்தான்.

நன்றாக வளர்ந்துவரும் குட்டியை வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாற்றும் காலம் இனத்தைப் பொறுத்தது. சின்ன இனங்கள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் வளர்ச்சியை முடித்துவிடும். லாப்ரடார், ராஜபாளையம் அளவிலானவற்றுக்கு ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு, கிரேட் டேன் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு வரைகூட ஆகும். அதுவரை 'பப்பி' பையையே வாங்குங்கள், எடையை மாதம் ஒருமுறை குறித்து வைத்து, அதற்கேற்ப அளவை மாற்றுங்கள்.